இரண்டேகாலுக்கு மங்களம்

எங்கள் ஊரில் வைகாசித் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் போட்டால்தான் மழை பெய்யும் என்று இப்போது யாரும் நம்புவதில்லை. போடாமல் விட்டுப் பார்க்கும் துணிச்சலும் யாருக்கும் இல்லை. வேடசந்தூருக்கும் வடமதுரைக்கும் நடுவில் இருக்கும் மானாவாரி பூமி. தெற்கே தூரத்தில் சிறுமலை தெரியும். அங்கே மழை இறங்குவதும் தெரியும், எங்களுக்கு வராது. காட்டு வேலை குறைந்து பாதிப் பேர் நூல் மில்லுக்கு ஷிப்ட் போகிறார்கள். என்னைப் போலச் சிலர் பெங்களூரிலும் சென்னையிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டுத் திருவிழாவுக்கு மட்டும் பஸ் ஏறுகிறவர்கள். 2019இல் விழாக் கமிட்டியில் என்னையும் சேர்த்தார்கள். "வரவு செலவு எழுத எக்ஸெல் தெரிஞ்ச ஆளு ஒண்ணு வேணும்ப்பா" என்றார் சித்தப்பா. நாடகத்துக்கான பணம் அப்படித்தான் என் கைக்கு வந்தது.

அந்த ஆண்டு நாடகம் மோசம். அது எவ்வளவு மோசம் என்று சொல்வதற்கு முன்னால், நல்ல நாடகம் என்று நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

தாத்தா நாடகப் பைத்தியம். சுற்று வட்டாரத்தில் எந்த ஊரில் கொட்டகை போட்டாலும் சைக்கிளில் போய்விடுவார். எனக்கு எட்டு வயது இருக்கும்போது முதன்முறையாக எங்கள் ஊர் நாடகத்தை முழுதாகப் பார்க்கப் போகிறேன் என்று அவருடன் போய் உட்கார்ந்தேன். கோரைப்பாய், ஒரு போர்வை, வறுத்த நிலக்கடலை. மறுநாளிலிருந்து அந்த நாடகத்தைப் பற்றி அவர் பேசாத நாளில்லை. நாரதருக்கும் வள்ளிக்கும் நடந்த தர்க்கத்தில் யார் எதைக் கேட்டார்கள், யார் மடக்கினார்கள், ராஜபார்ட் எந்த ராகத்தில் எடுத்தார், ஆர்மோனியக்காரர் எப்படி அதை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார் என்று வரப்பில் நடக்கும்போதெல்லாம் சொல்லுவார். அந்த நாடகம் எனக்கு மனப்பாடம். ஆனால் உண்மையில் நான் பார்த்தது பபூன் வந்தவரைக்கும்தான். பிறகு தூங்கிவிட்டேன். கிழவர் வேஷத்தில் முருகன் தண்ணீர் கேட்கும்போது எழுப்பிவிட்டார்கள். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. யானை வந்தது, பயந்து அழுதேன். நடுவில் இருந்த நாலைந்து மணி நேரமும் தாத்தா சொல்லித்தான் தெரியும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கத்தில் ஸ்பெஷல் நாடகம் என்றால் ஒரு கம்பெனி ஊர் ஊராகப் போய் நடத்துவது கிடையாது. கம்பெனியே கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர், ஆர்மோனியமும் மிருதங்கமும் ஆல்ரவுண்டும் வேறு வேறு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, அட்வான்ஸ் கொடுத்து, போட்டோவுடன் நோட்டீஸ் அடித்து வரவழைக்க வேண்டும். ஒத்திகை கிடையாது. நேற்று வேறொரு வள்ளியோடு வேறொரு ஊரில் பாடிய முருகன் இன்று நம் ஊர் மேடையில் இந்த வள்ளியைச் சந்திக்கிறார். எங்கள் தொழிலில் வெவ்வேறு நகரங்களில் உட்கார்ந்து தனித்தனியாக எழுதிய நிரல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு முன்கூட்டியே ஓர் ஒப்பந்தம் வேண்டும். இங்கே அந்த ஒப்பந்தம் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் பிரதி. எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு, யார் எங்கே நுழைவது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு நடுவில் எவ்வளவு நேரம் எதைப் பேசுவது என்பது அவரவர் சாமர்த்தியம்.

2019இல் நோட்டீஸில் இரவு 10 மணி என்று போட்டிருந்தோம். முளைப்பாரி ஊர்வலம் வந்து சேரவே பத்தரை ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வாணவேடிக்கை. பதினொன்றேகாலுக்கு ஆர்மோனியம் மேடையேறியது. பபூன் வந்தார். பிறகு டான்ஸ். இருவரும் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். மில்லில் இரவு ஷிப்டை விட்டுவிட்டு வந்த பையன்கள் விசில் அடித்தார்கள். பபூன் பேச்சில் இரட்டை அர்த்தம் போய் ஒற்றை அர்த்தம் மட்டும் மிஞ்சியிருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மைக்கில் அன்பளிப்பு அறிவிப்பு வந்தது. இன்னாரின் மாப்பிள்ளை ஐம்பது ரூபாய், இன்னாரின் பங்காளி நூறு ரூபாய். அதில் என் பெயரும் ஒரு முறை வந்தது. பெங்களூரு என்று ஊரையும் சேர்த்து வாசித்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

வள்ளி வரும்போது மணி பன்னிரண்டே முக்கால். ஐம்பதை நெருங்கும் அம்மா. நல்ல கனமான குரல், ஆனால் அவசரமாகப் பாடினார். நாரதர் வந்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாத்தா சொன்ன தர்க்கம் வரப்போகிறது. பத்து நிமிடம் வந்தது. அதில் பாதி, கல்யாணம் ஆன ஆண்பிள்ளைகளைப் பற்றிய பழைய ஜோக். பிறகு இரண்டு சினிமாப் பாட்டு. முருகன் வேடனாக வந்தார், கிழவனாக வந்தார், யானை வரவே இல்லை. யானை முகமூடியோடு வர வேண்டிய ஆள் டீ குடிக்கப் போயிருந்ததாகப் பிறகு சொன்னார்கள். இரண்டேகாலுக்கு மங்களம் பாடிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். பாய்களில் நாற்பது பேர் இருந்தால் அதிகம். பெரும்பாலும் கிழவிகள்.

அப்பத்தா சேலை முந்தானையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "ஏப்பா, வள்ளியக் கட்டிக் குடுத்தாய்ங்களா, இல்ல கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிட்டாய்ங்களா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம். அது நாடகத்தின் மேல் வந்த கோபம் மட்டும் இல்லை. தாத்தா அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் இறந்திருந்தார். அவர் எனக்குச் சொன்ன ஒரே சொத்து மாதிரி இருந்த ஒன்றை இவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று தோன்றியது. கமிட்டியில் இருந்தவர்களும் அப்படித்தான் கொதித்தார்கள். பாக்கிப் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வது என்று முடிவானது.

ஸ்டேஜுக்குப் பின்னால் டிராக்டர் ஹெட்லைட் வெளிச்சத்தில் கணக்கு முடித்தோம். வள்ளி வேஷம் கட்டிய அம்மா தேங்காய் எண்ணெயைத் தொட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏஜெண்ட் எங்களோடு வாதாடிக்கொண்டிருக்கும்போது அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நோட்டீஸ்ல பத்து மணின்னு போட்டிருந்துச்சு. நான் ஒம்பதுக்கெல்லாம் மேக்கப் போட்டு உக்காந்துட்டேன். நீங்க ஆர்மோனியத்த ஏத்துனது பதினொண்ணேகாலு. ரெண்டு மணிக்கு முடிச்சிரணும், ஸ்டேசன்ல சொல்லிருக்காகன்னு சொன்னதும் நீங்கதான். நடுவுல இருக்கறத நான் எங்க வச்சுப் பாடுறது?"

"பபூனுக்கு ஒன்றரை மணி நேரம் குடுத்தீங்களேம்மா."

"நாங்களா குடுத்தோம்? நாரதர் நல்லாப் பேசுவாரு தம்பி. எதுக்க நின்னு நானும் பேசுவேன். நாங்க ஒரு வார்த்த பேசுனா நீங்க ஒம்போது அன்பளிப்பு வாசிக்கிறீங்க. கீழ ஆளுக எந்திரிச்சுப் போறாக. யாருக்குப் பேச?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனாலும் பணத்தைப் பிடித்தோம். எக்ஸெலில் 'பிடித்தம்' என்று புதிதாக ஒரு வரி சேர்த்தேன். கணக்கு சரியாக வந்தது.

பெங்களூருக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கோபத்தை விடாமல் வைத்திருந்தேன். அதற்கு நியாயம் தேடித்தான் ஸ்பெஷல் நாடகத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். கெட்டுப்போனது எப்போது என்று கண்டுபிடித்துவிட வேண்டும். தாத்தா காலத்தில் நன்றாக இருந்தது, என் காலத்தில் கெட்டது. நடுவில் எங்கோ ஒரு தேதி இருக்க வேண்டும்.

சூசன் சைசர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் தொண்ணூறுகளில் மதுரையில் தங்கி ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி ஆய்வு செய்தவர். அவருடைய ஆங்கிலப் புத்தகம் 2005இல் வெளிவந்தது. மேடையேறும் பெண்கள் ஊரின் ஏச்சுக்குத் தப்பி எப்படிக் கௌரவமாக வாழப் பார்க்கிறார்கள் என்பதுதான் அதன் மையம். ஆனால் அதில் எனக்கு வேறொன்று கிடைத்தது. அவர் பார்த்த நாடகங்களிலும் இரவு 10 மணியிலிருந்து ஏறக்குறைய நள்ளிரவுவரை பபூனும் டான்ஸும்தான். கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதாவது நான் எட்டு வயதில் பாயில் உட்கார்ந்திருந்த அதே காலம். அன்றைக்கும் நான் விழித்திருந்தவரை பார்த்தது பபூனைத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னும் பின்னால் போனேன். சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர். தமிழ் கற்றது பழநி தண்டபாணி சுவாமிகளிடம். இன்றைய எங்கள் மாவட்டத்து ஊர்தான். அவர் சனீஸ்வரன், எமன் போன்ற வேஷங்கள் கட்டுவாராம். அந்தக் கோலத்தைப் பார்த்துப் பயந்து பெண்ணொருத்தி உயிரை விட்டதால் நடிப்பதையே நிறுத்தினார் என்று ஒரு கதை உண்டு. அது எவ்வளவு உண்மையோ, ஆனால் அவர் வாத்தியாராக இருந்து பெரிய நடிகர்களோடு பட்ட பாடு உண்மை. பாடம் கேட்க மாட்டார்கள், மேடையில் இஷ்டத்துக்குப் பேசுவார்கள், போட்டி போட்டு ஒருவரை ஒருவர் மடக்குவதில் கதையை மறந்துவிடுவார்கள். கட்டுப்பாட்டுக்கு அடங்கும் சிறுவர்களை வைத்துப் பாலர் நாடக சபைகள் கிளம்பியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1918இல் சுவாமிகளே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் பயின்றவர்கள். ஆக, என் தாத்தா பிறப்பதற்கு முன்பே, பாட்டையும் வசனத்தையும் எழுதியவரே ஏமாந்துபோயிருக்கிறார். நான் தேடிய தேதி அங்கேயும் இல்லை.

இஷ்டத்துக்குப் பேசுவதுதான் தவறு என்றும் முடிவாகச் சொல்ல முடியவில்லை. விஸ்வநாததாஸ் இதே வள்ளி திருமணத்தை வைத்துக்கொண்டுதான் சுதந்திரப் போராட்டம் நடத்தினார். தினைப்புனத்தில் பறவை ஓட்டும் இடத்தில் வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடினால் கொட்டகை எழுந்து ஆர்ப்பரிக்கும். போலீஸ் மேடைக்குப் பக்கத்திலேயே காத்திருக்கும். பல முறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில் மயிலாசனத்தில் இருக்கும்போதே மேடையில் உயிர் பிரிந்தது. சுவாமிகளின் பிரதியில் இல்லாத பாட்டைப் பாடியதற்காகவே நினைவில் நிற்கிற நடிகர் அவர். எங்கள் ஊர் மேடையில் ஒலித்த சினிமாப் பாட்டும் பிரதியில் இல்லாததுதான். இரண்டுக்கும் வித்தியாசம் பாடியவர்களிடம் மட்டும் இல்லை, கீழே உட்கார்ந்திருந்தவர்களிடமும் இருக்கிறது. அன்றைக்குக் கொட்டகையில் இருந்தவர்களுக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அதை அவர் பாடினார்.

இதையெல்லாம் யோசித்தபோது அமெரிக்காவில் பார்த்த ஒரு நாடகம் நினைவுக்கு வந்தது. 2018இல் ஆன்சைட்டில் இருந்தேன். ஊர் ஊராக வரும் 'லே மிசராப்ல்' இசை நாடகத்துக்கு ஆபீஸ் நண்பர் ஒருவர் டிக்கெட் எடுத்தார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இடைவேளையில் புலம்பினார். 1985இல் லண்டனில் தொடங்கிய அந்த நாடகத்தின் பழைய வடிவத்தில் மேடையின் நடுப்பகுதி வட்டமாகச் சுழலும். நடப்பவர்கள் நடந்துகொண்டே இருக்க, ஊரும் வருடமும் அவர்கள் காலடியில் நகரும். 25ஆம் ஆண்டையொட்டிப் புதிதாக அமைத்தபோது சுழல் மேடையை எடுத்துவிட்டு, பின்னால் விக்தர் ஹ்யூகோ வரைந்த ஓவியங்களைத் தழுவிய காட்சிகளைத் திரையில் ஒளியாகக் காட்டினார்கள். "எங்கள் ஊருக்கு எப்போதும் குறைத்துத்தான் அனுப்புவார்கள்" என்றார். லாரிகளில் ஏற்றி இறக்கி வாரம் ஒரு ஊர் போகிற நாடகத்துக்கு அந்தக் கவலை நியாயமானது. அவருக்கு ஓர் அசல் இருந்தது, வந்தது அதன் நகல். நகலில் என்ன குறைந்தது என்று அவரால் விரல் விட்டு எண்ண முடிந்தது.

எங்களுக்கு அசல் என்று ஒன்றே கிடையாது. ஸ்பெஷல் நாடகத்தில் லாரியில் ஏறி வருவது எதுவும் இல்லை. ஆளுக்கொரு பெட்டியும் குரலும் வருகின்றன. மற்றதெல்லாம் ஊர் கொடுக்க வேண்டும். நேரத்தை, இருட்டை, அமைதியைக் கொடுக்க வேண்டும். நாங்கள் என்ன கொடுத்தோம் என்பது என் எக்ஸெலிலேயே இருந்தது. திறந்து பார்த்தேன். நாடகக் கலைஞர்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதிய தொகை, சீரியல் லைட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் எழுதியதில் பாதிகூட இல்லை.

ஊரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. பொது இடத்தில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. விழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளைக்கு மிகாமல். விடிய விடிய நடக்கும் நாடகத்துக்கு அந்த விதியில் இடமே இல்லை. ஒவ்வோர் ஊரும் ஸ்டேஷனில் பேசி வாங்கும் சலுகையில்தான் அது ஓடுகிறது. மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகிறவனை விடிய விடிய உட்காரச் சொல்லவும் முடியாது.

2020 வந்தது. திருவிழா இல்லை. 2021இலும் இல்லை. பங்குனியிலிருந்து ஆடிவரை ஓடிச் சம்பாதித்து வருஷம் முழுவதும் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு பங்குனியும் இரண்டு ஆடியும் போயின. ஒரு நாள் ராத்திரி வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பழைய எக்ஸெல் கண்ணில் பட்டது. 'பிடித்தம்' வரியைப் பார்த்தேன். பெரிய தொகை இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். அந்தப் பணம் யாருக்குக் குறைந்தது என்று கேட்டேன். வள்ளிக்கும் ராஜபார்ட்டுக்கும் பபூனுக்கும் பேசினதைக் குறைத்தால் அடுத்த நாடகத்துக்கு வரமாட்டார்கள். அதனால் ஆல்ரவுண்ட் வாசித்தவரிடம்தான் குறைத்ததாகச் சொன்னார். எனக்கு அவர் முகம்கூட ஞாபகம் இல்லை. அன்றைக்கு எந்தக் குறையும் சொல்ல முடியாதபடி வேலை செய்த ஒரே ஆள் அவராகத்தான் இருந்திருப்பார். யானை வராதபோது தாளத்தாலேயே யானையை நடக்கவிட்டுச் சமாளித்தவர் அவர்தான்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். விரல்களைப் பார்த்துக்கொண்டே, "கை தடிச்சுப் போச்சு தம்பி, இனிமே வாசிச்சா எப்படி வருமோ" என்றார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"அட, அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் தம்பி" என்றார். பிறகு, நான் தொகையைச் சொல்வதற்கு முன்பே, சரியான தொகையை அவரே சொன்னார்.

2022 வைகாசியில் மறுபடியும் நாடகம் போட்டோம். இந்த முறை கமிட்டியில் சண்டை போட்டுச் சில நிபந்தனைகளைச் சம்மதிக்க வைத்தேன். முளைப்பாரியை முந்தின நாளுக்கு மாற்றினோம். ஒன்பதரைக்கு ஆர்மோனியம். அன்பளிப்பு அறிவிப்பு பபூன் முடிந்ததோடு சரி, வள்ளி வந்த பிறகு கிடையாது. வாணவேடிக்கைப் பணத்தில் பாதி நாடகத்துக்கு. "பெங்களூர்க்காரன் வந்து ரூல்ஸ் போடுறான்" என்று மாமா ஒருவர் இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அந்த அம்மா இப்போது நாடகத்துக்குப் போவதில்லை என்றார் ஏஜெண்ட். வள்ளியாக வந்தது இளம் பெண். ஆல்ரவுண்ட் அதே அண்ணன்.

நாடகம் பிரமாதம் என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. வள்ளிக்குச் சுருதி மேலே போனால் நடுங்கியது. முருகனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஆனால் நாரதரும் வள்ளியும் ஒரு மணி நேரம் பேசினார்கள். அதில் நாற்பது நிமிடம் சுமார், பத்து நிமிடம் அலுப்பு. மீதிப் பத்து நிமிடம் அந்தப் பெண், நாரதர் விரித்த வலையை அவர் வார்த்தையாலேயே அறுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆல்ரவுண்ட் அண்ணன் ஒரே ஓர் அடி அடித்தார். பாயில் இருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்ட மாதிரி இருந்தது. நாற்பது பேர் அறுபதாகியிருந்தார்கள், அவ்வளவுதான். வரப்பில் நடக்கும்போது தாத்தா எதைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்கு அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்தது. அவருக்கும் ஒரு ராத்திரிக்குப் பத்து நிமிடம்தான் கிடைத்திருக்கும்.

அப்பத்தா என் பக்கத்தில்தான் இருந்தாள். பன்னிரண்டரைக்கே தூங்கிவிட்டாள். அவள் மடியில் என் நாலு வயதுப் பையன் அதற்கும் முன்னால் தூங்கியிருந்தான். எழுப்ப மனசு வரவில்லை. போர்வையை இழுத்து விட்டேன்.

காலையில் திண்ணையில் உட்கார்ந்து அவனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே நாடகக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாரதர் என்ன கேட்டார், வள்ளி எப்படி மடக்கினாள், ராஜபார்ட் எப்படி எடுத்தார் என்று கை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அவள் சொன்ன எதுவும் முந்தின ராத்திரி நாடகத்தில் கிடையாது. யானை வந்ததாகவும் சொன்னாள். அது மட்டும் உண்மை.

"நாடகம் எப்படி அப்பத்தா?" என்று கேட்டேன்.

"இந்த வருசம் நல்லா இருந்துச்சுப்பா" என்றாள். பையன் வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.